மூன்று தூரங்கள்: வடகடல் நண்டுப் படகுகளில் நடந்த ஒரு கசிவின் ஆய்வு

மண்டபத்துக்கும் தங்கச்சிமடத்துக்கும் வடக்கே கிடப்பதை எங்கள் பக்கத்தில் வடகடல் என்போம். மன்னார் வளைகுடா தென்கடல். வடகடலில் ஓலைக்கால் நண்டுக்குப் போகும் நாட்டுப்படகுகள் பிற்பகலில் வலையை விட்டுவிட்டுத் திரும்பும், விடியலில் போய் வாங்கும். இடைப்பட்ட ராத்திரி முழுக்க வலை ஆளில்லாமல் கிடக்கும். இரண்டு முனையிலும் கொடி மட்டும் நிற்கும். அதனால் எங்கே விட்டோம் என்பதைப் படகில் போன நாலு பேரும் வெளியே மூச்சு விடக் கூடாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம் இது.

ஒரு மாசி மாதம், நாங்கள் செய்து கொடுத்த எல்லை எச்சரிக்கைப் பெட்டி மாட்டியிருந்த படகு ஒன்றின் சம்மாட்டி, அதாவது படகின் சொந்தக்காரர், என்னைத் தேடி வந்தார். "நாங்க வலை விட்ட இடத்துல மறுநா இன்னொருத்தன் கொடி நிக்குது தம்பி. ஒரு நாள்னா சரிங்கலாம். ஒரே வாரத்துல மூணு நாளு. அந்த இடம் என் வீட்டுக்காரிக்கே தெரியாது, அவனுக்கு எப்புடித் தெரியும்?"

சந்தேகம் ஏற்கெனவே ஓர் ஆள்மேல் விழுந்திருந்தது. படகில் புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையனை இறக்கி விட்டிருந்தார்கள். கரைக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் பேசுகிறான் என்பதைத் தவிர அவனுக்கு எதிராக வேறு சாட்சியம் இல்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற பெயரோடு கடற்கரைக் கிராமத்தில் ஒருவன் நடமாடுவது லேசுப்பட்ட காரியமில்லை. அடுத்த படகுக்காரரும் யோசிப்பார். இதை நான் எழுத உட்கார்ந்ததே அவனுக்காகத்தான். அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொன்னது எங்கள் பெட்டி.

பெட்டி

உள்ளங்கை அகலம். உள்ளே ஜிபிஎஸ், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோ, ஒரு பஸ்ஸர், வெளியே மூன்று பொத்தான்கள். எல்லைக்கோடு எச்சரிக்கைக்காகத்தான் இதை ஆரம்பித்தோம். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையின் புள்ளிகளை நினைவகத்தில் வைத்திருக்கும். படகு கிட்டே போனால் கத்தும். பிறகு காற்று எச்சரிக்கை கேட்டார்கள். பிறகு நண்டு விலை கேட்டார்கள்.

கேட்கும் போதெல்லாம் பெட்டியைக் கழற்றி மென்பொருள் மாற்ற வழியில்லை. உப்புக்காற்றில் ஒருமுறை திறந்த மூடி பழைய இறுக்கத்தில் மறுபடி உட்காராது. எனவே பெட்டிக்குள் லுவா என்ற நிரல்மொழியை வைத்தோம். 1993-ல் பிரேசிலில் பிறந்த அந்த மொழி மிகச் சின்ன இடத்தில் அடங்கிவிடும். தேவையான வேலையைச் சிறு நிரலாக எழுதிக் கரையிலிருந்து ரேடியோவில் அனுப்புவோம். லோராவில் ஒரு பாக்கெட்டுக்கு 255 பைட்டுக்கு மேல் போகாது என்பதால் நிரல் துண்டு துண்டாகப் போகும். கரைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் படகுக்கு, வழியில் எதிர்ப்படும் படகு கைமாற்றிவிடும். "உன்னிடம் இல்லாததைக் கேள், என்னிடம் இருப்பதைத் தருகிறேன்" என்பதுதான் பெட்டிகளுக்குள் இருந்த ஏற்பாடு. நிரல் ஊர் ஊராகப் போகும் தபாலைப்போலப் படகு படகாக நகரும். போய்ச் சேர்ந்த இடத்தில் ஓடும்.

இப்படி நகரும் நிரலில் என்ன ஆபத்து என்பது தெரிந்தேதான் இறங்கினோம். ஒவ்வொரு நிரலிலும் எங்கள் கையொப்பம் இருக்கும். அது சரியில்லை என்றால் பெட்டி ஏற்காது. லுவாவின் எல்லாச் செயல்களும் கிடைக்கும் பொது அட்டவணையை நிரலின் கண்ணில் காட்டாமல், நாங்கள் எழுதிய ஏழு செயல்களை மட்டும் அதன் கையில் கொடுத்தோம். தொகுத்த பைட்கோடாக (இயந்திரத்துக்கென முன்பே மாற்றிய வடிவமாக) வந்தால் நிராகரிப்பு, மூல உரையாக வந்தால்தான் ஓட்டம். லுவா 5.2-லிருந்து பைட்கோடைச் சரிபார்க்கும் பகுதியையே எடுத்துவிட்டார்கள். திட்டமிட்டுக் கெடுத்த பைட்கோடு ஒன்று மொழிபெயர்ப்பானையே கவிழ்த்துவிடும் என்பதால் இந்த எச்சரிக்கை. நிரல் மூன்று விநாடிக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடுவோம். படகின் இருப்பிடத்தைத் தரும் செயல் அந்த ஏழில் இல்லை. அதை வேண்டுமென்றேதான் விட்டோம்.

கவராயம்

ஏழில் ஒன்றின் பெயர் 'தூரம்'. ஓர் இறங்குதளத்தின் பெயரைக் கொடுத்தால் படகு அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று 100 மீட்டர் துல்லியத்தில் சொல்லும். நண்டு வாங்கும் தரப்பு எழுதிக் கொடுத்த விலை நிரல் அதைப் பயன்படுத்தியது. படகு எந்தத் தளத்துக்கு எப்போது வரும், ஐஸ் எத்தனை பெட்டி வேண்டும், வேனை எங்கே நிறுத்தலாம் என்று கணிக்க அது தேவை என்றார்கள். ஞாயமான தேவைதான். நிரல் மண்டபத்துக்கும் தங்கச்சிமடத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் தூரம் கேட்டு, மூன்று எண்ணையும் கால்மணிக்கு ஒருமுறை கரைக்கு அனுப்பியது. அந்த வரிகளை நான் படித்தேன். ஐஸ் கணக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். கையொப்பம் போட்டதும் நான்.

சம்மாட்டி வந்துபோன அன்று ராத்திரி, கரை நிலையத்தில் சேர்ந்திருந்த ஒரு வாரப் பதிவுகளை எடுத்தேன். கணினியில் வரைய மனம் வரவில்லை. மகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த கவராயத்தை எடுத்து, கடல் வரைபடத்தில் மண்டபத்தை மையமாக வைத்து ஒரு வில், தங்கச்சிமடத்தை மையமாக வைத்து ஒரு வில் போட்டேன். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே கிழக்கு மேற்குக் கோட்டில் இருப்பதால் வில்கள் இரண்டு இடத்தில் வெட்டின. ஒரு வெட்டு வடகடலில், இன்னொன்று நேர் எதிரே தென்கடலில். தேவிபட்டினத்திலிருந்து போட்ட மூன்றாவது வில் வடகடல் புள்ளியில் வந்து விழுந்தது. பென்சில் முனை அகலத்துக்கு ஒரு புள்ளி.

அதே கணக்கை மூன்று நாள் பதிவுகளுக்குப் போட்டேன். மூன்று புள்ளிகள். காலையில் அந்தத் தாளைச் சம்மாட்டி முன்னால் விரித்தேன். அவருக்கு வரைபடம் படிக்க வராது என்று நினைத்திருந்தேன். கோட்டைக் கரையோடு விரலால் ஓட்டிப் பார்த்து, முதல் புள்ளியில் நிறுத்தினார். "இது கோரைக்கு அங்கிட்டு உள்ள பள்ளம். இங்கதான் செவ்வாக்கிழமை விட்டோம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்தப் பய?"

விலை நிரலை எழுதியவர் இந்த எண்ணத்தோடுதான் எழுதினாரா என்பதற்குள் நான் போகவில்லை. அந்த எண்கள் அவர்கள் பக்கத்தில் பட்டியலாகிப் பல ஏஜெண்டுகளின் போனுக்குப் போயிருக்கின்றன. ஏஜெண்டுகளில் ஒருவருக்குச் சொந்தப் படகும் உண்டு. கெட்ட எண்ணம் யாருக்கும் தொடக்கத்தில் இல்லாமலேகூட இது நடந்திருக்கலாம். எங்கள் அமைப்பு அதற்கு இடம் கொடுத்தது என்பதுதான் நான் பதில் சொல்ல வேண்டிய பகுதி.

எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்

1995-ல் ஜாவா ஆப்லெட்டுகள், அதாவது இணையப் பக்கத்தோடு வந்து ஓடும் சிறு நிரல்கள், உலாவிக்குள் வந்தபோது அவற்றுக்குப் போட்ட கூண்டில் ஒரு விதி இருந்தது: ஆப்லெட் தான் வந்த சர்வரோடு மட்டும் பேசலாம், வேறு எங்கும் இணைப்பு எடுக்கக் கூடாது. வீட்டுக் கணினியின் கோப்புகளை எடுத்து ஊரெல்லாம் இறைக்காமல் இருக்க அது நல்ல விதி. நாங்களும் அதையே கடன் வாங்கியிருந்தோம். நிரல் எந்தத் தரப்பிடமிருந்து வந்ததோ அந்தத் தரப்புக்கு மட்டும் பதில் அனுப்பலாம். நண்டு வாங்குபவரின் நிரல் நண்டு வாங்குபவரிடம் மட்டும் பேசியது, விதியை ஒரு எழுத்தும் மீறாமல். யாரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அவரே அனுப்பியவராக இருக்கும்போது இந்த விதியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கையொப்பம் யார் அனுப்பினார் என்று சொல்லும். கூண்டு பெட்டியைக் காப்பாற்றும். வந்த நிரல் எதைக் கேட்டது, கிடைத்த பதில் யார் கையில் போய் நின்றது என்பதை இரண்டுமே பார்ப்பதில்லை. 1988-ல் நார்ம் ஹார்டி எழுதிய பழைய பிழை ஒன்று இதற்கு உறவு. கணக்குக் கோப்பு இருக்கும் இடத்தில் எழுத உரிமை பெற்ற ஒரு கம்பைலர், அதாவது நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருள். அதனிடம் வெளியீட்டுக் கோப்பின் பெயராக அந்தக் கணக்குக் கோப்பின் பெயரையே ஒருவர் கொடுக்க, தன் உரிமையைப் பயன்படுத்தி அதை அழித்தெழுதிவிட்டது. உரிமை உள்ள ஏவலாள், உரிமை இல்லாதவரின் வேலையைச் செய்து கொடுத்தான். எங்கள் 'தூரம்' அப்படிப்பட்ட ஏவலாள். இருப்பிடத்தைப் பார்க்கும் உரிமை அதற்கு இருந்தது, நிரலுக்கு இல்லை. நிரல் மூன்று தடவை கேட்டது, அது மூன்று தடவை பதில் சொன்னது.

மாதிரி

பெட்டியின் குறியீட்டைத் திருத்துவதற்கு முன்னால், எங்கள் அமைப்பின் கணித மாதிரி ஒன்றை எழுதுவது என்று முடிவு செய்தோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். லூக்கா கார்டெல்லியும் ஆண்ட்ரூ கார்டனும் 1998-ல் கொடுத்த ஆம்பியண்ட் கணிதம் இதற்குப் பொருத்தமாக இருந்தது. அதில் எல்லாமே சுவர் உள்ள இடம்தான். இடத்துக்குள் இடம் இருக்கலாம், இடமே நகரலாம். நகர்வுக்கு மூன்றே வினைகள்: உள்ளே போவது, வெளியே வருவது, திறப்பது. நம் எழுத்தில் போட்டால் இப்படி வரும்:

கரை[ பொட்டலம்[ வெளியே கரை. உள்ளே பெட்டி. விலை ] ] | பெட்டி[ இருப்பிடம் | திற பொட்டலம் ]

பொட்டலம் கரையை விட்டு வெளியே வருகிறது, பெட்டிக்குள் போகிறது, பெட்டி அதைத் திறக்கிறது. மிஞ்சுவது:

பெட்டி[ இருப்பிடம் | விலை ]

திறந்த கணமே பொட்டலத்தின் சுவர் கரைந்துபோய், விலை நிரலும் இருப்பிடமும் ஒரே அறையில் நிற்கின்றன. திறப்பது என்ற வினையின் பயங்கரம் ஒரே வரியில் தெரிந்துவிடும். அதனால்தான் 2001-ல் புக்லியேசி, காஸ்டாக்னா, கிராஃபா மூவரும் அந்த வினையையே எடுத்துவிட்டு, சுவரை அப்படியே வைத்து, தாய் இடத்துக்கும் சேய் இடத்துக்கும் இடையே பேச்சை மட்டும் அனுமதிக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள்.

நாங்கள் திறக்கவில்லையே, கூண்டு போட்டிருந்தோமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உண்மை. எங்கள் பெட்டி இரண்டாவது வகை; சுவர் இருந்தது. ஆனால் அந்த வகையை எழுதும்போது சுவரைத் தாண்டும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஓர் அம்பு போட்டே ஆக வேண்டும். ஏழு செயலுக்கு ஏழு அம்பு. சுண்ணாம்புச் சுவரில் கரித்துண்டால் வரைந்து, ஒவ்வொரு அம்பின் வாலிலும் அந்தத் தகவல் எங்கிருந்து பிறக்கிறது என்று எழுதினோம். 'நேரம்' கடிகாரத்திலிருந்து. 'பேட்டரி' மின்கலத்திலிருந்து. 'தூரம்' என்ற அம்பின் வாலில் 'இருப்பிடம்' என்று எழுதியபோது கூட இருந்தவர் கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டார். கூண்டுக்கு எவ்வளவு இரும்பு போட்டோம் என்பதை இரண்டு வருடம் பார்த்தவர்கள், கம்பிகளுக்கு நடுவே எது போய்வருகிறது என்று ஒரு நாளும் எழுதிப் பார்க்கவில்லை.

அடுத்து, கசியவில்லை என்று எப்படி நிறுவுவது? கோகனும் மெசெகரும் 1982-ல் வைத்த அளவுகோல் நேரடியானது. இரண்டு உலகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் படகு பள்ளத்தில் நிற்கிறது, இன்னொன்றில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. மற்றதெல்லாம் ஒன்றே. வியாபாரி கைக்கு வரும் சீட்டு இரண்டு உலகிலும் ஒரே சீட்டாக இருந்தால் ரகசியம் ரகசியமாக இருக்கிறது. இந்தக் கண்டிப்பை அப்படியே பிடித்தால் விலை நிரல் செத்துவிடும், ஏனென்றால் படகு எப்போது வரும் என்பது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாங்கள் இல்லை. சம்மாட்டிகளைக் கூப்பிட்டுக் கேட்டோம். "ஏலத்துக்கு முன்னாடி வருவோமா, பின்னாடியா, இன்னக்கி வரவே மாட்டோமா, இம்புட்டுத்தான் அவுகளுக்கு வேணும்" என்றார் ஒருவர். மூன்று விடை. அதற்கு மேல் ஒன்றும் வெளியே போகாது என்று எழுதினோம்.

எழுதி முடித்து இரண்டு நாள் கழித்துத்தான் அதிலும் ஓட்டை இருப்பது தெரிந்தது. கால்மணிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தால், 'முன்' என்ற விடை 'பின்' என்று மாறும் கணம் ஒன்று வரும். படகின் வேகம் தோராயமாக எல்லோருக்கும் தெரியும். மாறிய நேரத்திலிருந்து தூரம் கிடைத்துவிடும். வேறு வேறு ஏல நேரங்களை வைத்து மூன்று தளத்துக்கும் இதையே கேட்டால் மறுபடி மூன்று வில். எனவே ஒரு பாட்டுக்கு, அதாவது ஒருமுறை கடலுக்குப் போய்வருவதற்கு, ஒரே விடை: வலையை வாங்கி முடித்து ஓட்டுபவர் பொத்தானை அழுத்தும்போது, அவர் தேர்ந்தெடுத்த ஒரு தளத்துக்கு மட்டும், ஒருமுறை. என் பார்வையில் இந்த ஆய்வு கண்டெடுத்த மிகப் பெறுமதியான சங்கதி இதுதான். ஒற்றைக் கேள்வி பாதுகாப்பாக இருக்கலாம். அதையே அடுக்கி அடுக்கிக் கேட்டால் பாதுகாப்பு போய்விடும்.

மணலில் கிடந்த வல்லம்

விலை நிரலை எல்லாப் பெட்டிகளிலிருந்தும் நீக்கும் கட்டளையை ஏற்கெனவே அனுப்பியிருந்தோம். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைப்பு. மாதிரியில் ஓட்டை தேடித் தரும் அலாய் என்ற கருவியில் அதை எழுதி, ஒரு கரை, மூன்று பெட்டி, இரண்டு நிரல் என்று சின்ன உலகத்தில் ஓட்டிப் பார்த்தோம். நீக்கிய நிரல் திரும்ப வருமா என்று கேட்டதற்கு, வரும் என்று ஐந்தே அடியில் வழி காட்டியது. மூன்றாவது பெட்டி அணைந்து கிடக்கிறது. மற்ற இரண்டும் நிரலை நீக்குகின்றன. மூன்றாவது விழிக்கிறது. முதல் பெட்டி எதிர்ப்படுகிறது. "உன்னிடம் இல்லாததைக் கேள்." முதல் பெட்டியிடம் இல்லாதது அந்த நிரல்தான். கையொப்பம் செல்லும். ஏற்றுக்கொள்கிறது.

கருவி இதைச் சொன்னபோது நிஜத்திலேயே ஒரு வல்லம் பலகை மாற்றுவதற்காக மணலில் ஏற்றிக் கிடந்தது. ஓடிப் போய்ப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தோம். பழைய நிரல் உள்ளே அப்படியே இருந்தது. அது கடலில் இறங்கியிருந்தால் ஒரே நாளில் எல்லாப் படகுக்கும் மறுபடி பரவியிருக்கும்.

1987-ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆலன் டெமர்ஸும் அவர் கூட்டாளிகளும் பல பிரதிகளாக வைத்த தரவுத்தளங்களில் இதே சிக்கலைப் பார்த்திருக்கிறார்கள். வதந்திபோல் பரவும் அமைப்பில் ஒன்றை வெறுமனே அழித்தால் அது பழைய பிரதியிலிருந்து உயிர்த்தெழும். அழித்ததற்கு ஓர் அத்தாட்சியும் சேர்ந்து பரவ வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மரணச் சான்றிதழ். எங்கள் பெட்டியின் நினைவகம் சின்னது, சான்றிதழ்களைக் காலத்துக்கும் சேர்த்து வைக்க இயலாது. அதனால் ஒவ்வொரு நிரலுக்கும் கையொப்பத்துக்குள்ளேயே முப்பது நாள் ஆயுள் எழுதினோம். சான்றிதழுக்கும் அதே ஆயுள்.

ஆயுள் என்றால் கடிகாரத்தை நம்ப வேண்டும், கடிகாரம் ஜிபிஎஸ்ஸிலிருந்து வருகிறது. ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 ராத்திரி திரும்பியது. மலிவான ரிசீவர் தேதியைப் பத்தொன்பது வருடம் பின்னால் தள்ளிவிட்டால் செத்த நிரலெல்லாம் உயிரோடு நிற்கும். ஆகவே பெட்டி தான் பார்த்த மிகப் பிந்திய தேதியைக் குறித்து வைத்துக்கொள்கிறது, அதற்குப் பின்னால் ஒருபோதும் போகாது.

மாதிரி காட்டிய இன்னொன்று: ஒரு படகின் பதில் சீட்டு கரைக்கு வரும் வழியில் இன்னொரு படகின் பெட்டியில் தங்கி வருகிறது, மூடாத கடிதமாக. டோலெவும் யாவோவும் 1983-ல் வலையமைப்பையே எதிரியாக வைத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். இங்கே அந்த வலையமைப்பு என்பது பக்கத்தில் நண்டு தேடும் போட்டிப் படகு. இப்போது சீட்டு கரையின் சாவியால் மட்டும் திறக்கும்படி பூட்டிப் போகிறது. ஓட்டும் பெட்டியே எதிரியானால் அதில் ஓடும் நிரலை எப்படிக் காப்பது என்பது வேறு பெரிய கேள்வி. சாண்டரும் சுடினும் 1998-ல் மறையாக்கிய நிலையிலேயே நிரலை ஓட்டும் வழிகளை ஆராய்ந்தார்கள். எங்கள் பெட்டியின் சக்திக்கு அது எட்டாது. நிரலுக்குள் ரகசியம் எதையும் வைக்காமல் இருப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

பிறகு

'தூரம்' என்ற செயல் இப்போது இல்லை. மற்றவற்றில் ஒன்றைச் சேர்க்கவோ மாற்றவோ வேண்டுமானால், முதலில் சுவரில் அம்பு வரைந்து, வாலிலும் நுனியிலும் பெயர் எழுதி, மாதிரியை ஓட்டிய பிறகே குறியீட்டைத் தொடுகிறோம். நுனியில் எழுதும் பெயர் யாருடையதாக இருக்கலாம் என்பதைச் சம்மாட்டிகள் சொல்கிறார்கள். எல்லை எச்சரிக்கையும் காற்று எச்சரிக்கையும் எந்த நிரலையும் நம்பாமல் பெட்டியின் உள்மென்பொருளிலேயே இருக்கின்றன. அவற்றை நகரும் நிரலாக வைத்ததே தவறு என்பது என் கருத்து.

சம்மாட்டியும் நானும் அந்தப் பையன் வீட்டுக்குப் போனோம். தாளை அவன் அம்மாவிடம் காட்டி, எங்கள் பெட்டிதான் சொன்னது, உங்கள் மகன் இல்லை என்று நான் சொன்னேன். மூன்று வில்லையும் அவர் பார்க்கவேயில்லை. "இத நாலு பேரு இருக்கயில சொல்லுங்க" என்றார். அன்று சாயங்காலம் ஏலக்கூடத்தில் வைத்துச் சம்மாட்டியே சொன்னார். நானும் என் பங்கைச் சொன்னேன்.

பையன் பழைய படகுக்குத் திரும்பவில்லை. இப்போது தங்கச்சிமடத்தில் வேறொருவரின் வல்லத்தில் போகிறான். அந்தப் படகுக்குப் பெட்டி வேண்டுமா என்று கேட்டதற்கு, எல்லைக்கு மட்டும் கத்தினால் போதும், ரேடியோவை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று அவனே சொல்லி அனுப்பினான். ஆண்டெனாவைக் கழற்றி, அந்தத் துளையை எபாக்ஸி வைத்து அடைத்துக் கொடுத்தோம்.